எச்-இன்டெக்ஸ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

சென்னையில் இம்யூனாலஜியில், அதாவது நோயெதிர்ப்பு அறிவியலில், பி.எச்.டி. செய்ய கைடு தேடுகிறவர்கள் முதலில் திறப்பது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைத்தான். ஆய்வாளரின் பெயருக்குப் பக்கத்தில் மொத்த மேற்கோள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் எத்தனை என்று எண்கள் இருக்கும். அதைப் பார்த்து "இவர் பெரிய ஆள், அவர் சுமார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அவசரம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பிறகு வரும் இன்னொரு கட்டுரை தன் கடைசிப் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள், அதாவது சைட்டேஷன். யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் இவற்றைத் தொகுத்துப் பெரிய அட்டவணையாக வெளியிட்டார். அப்புறம் 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, அதிக மேற்கோள் வாங்கியதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். 40, 12, 6, 4, 1 என்று வருகிறது என்றால், நான்கு கட்டுரைகள் குறைந்தது நான்கு மேற்கோளாவது வாங்கியிருக்கின்றன, ஐந்தாவது ஐந்தைத் தொடவில்லை, ஆக எச்-இன்டெக்ஸ் 4. முதல் கட்டுரை 40க்குப் பதில் 4,000 வாங்கியிருந்தாலும் அதே 4தான்! ஓய்வு பெற்றாலும் இது குறையாது, ஏறத்தான் செய்யும். அதனால் வயதில் மூத்தவருக்கு எப்போதும் சாதகம்.

துறைக்குத் துறையும் மாறும். இம்யூனாலஜியில் ஆய்வகங்கள் அதிகம், ஒரு கட்டுரைக்குப் பத்து இருபது பேர் ஆசிரியர்கள், மேற்கோள் மொத்தமும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு தேற்றத்தை நிறுவுகிறவரின் எண்ணோடு இதை ஒப்பிட்டால் அது அநியாயம்.

இன்னொன்று, மேற்கோள் என்பது பாராட்டு இல்லை. உலகிலேயே மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் ஒன்று, கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்க 1951இல் லோரி குழு எழுதிய முறை. எல்லா ஆய்வகமும் பயன்படுத்தியது, மூன்று லட்சத்தையும் தாண்டிவிட்டது. மறுபக்கம், கேடலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் ஆர்.என்.ஏ.வை நோயெதிர்ப்பு மண்டலம் தாக்காமல் மாற்றும் வழியை எழுதியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வழியை வைத்துச் செய்த கொரோனா தடுப்பூசிகள் வந்த பிறகுதான் அதன் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது, 2023இல் நோபலும் வந்தது. 2010இல் யாராவது மேற்கோளை எண்ணி அந்தக் கட்டுரையை எடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் சோதனையும், மேற்கோள் பாராட்டு இல்லை என்பதைக் காட்டும். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்த அந்தச் சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஏன் தடுக்கவில்லை என்று விளக்க முயன்றவர்களும் அதை மேற்கோள் காட்டினார்கள், முடிவைச் சந்தேகித்தவர்களும் காட்டினார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னை அதிகம் பாதிப்பது சேத்துப்பட்டில் நடந்த வேலை. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று சொல்கிறோமே, அது 1956இல் மெட்ராஸ் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கியது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியை சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், சேர்த்தார்கள், மறுபாதியை வீட்டிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் உண்டு. வீட்டில் நெருக்கடியும் அரைவயிற்றுச் சாப்பாடும்தான். ஒரு வருட முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சானடோரியத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்த லட்சக்கணக்கான பேருக்கு இந்த முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரைக்கு ஆசிரியராக இருப்பது மையத்தின் பெயர். எத்தனை மேற்கோள் வந்தாலும் அங்கே உழைத்த எந்த டாக்டரின் எச்-இன்டெக்ஸிலும் அது ஏறாது. வீட்டுச் சிகிச்சை இன்று நடைமுறையே ஆகிவிட்டதால், காசநோய் பற்றி எழுதுகிற பலர் இப்போதைய வழிகாட்டு நெறிமுறையைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள், 1959க்குப் போவதில்லை.