கடவுச்சீட்டு, நுழைவிசைவு, தங்குரிமை: மூன்று தாள்கள், மூன்று சொற்கள்

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் ‘விசா வந்துவிட்டது’ என்ற தொடர் குறைந்தது மூன்று பொருள்களில் வழங்குகிறது. தூதரகம் கடவுச்சீட்டில் ஒட்டித் தந்த தாளையும் விசா என்கிறார்கள். முகவர் கைப்பேசியில் அனுப்பிய வேலை ஒப்பந்தத்தின் படத்தையும் விசா என்கிறார்கள். வளைகுடா நாட்டில் போய் இறங்கிய பிறகு எடுக்க வேண்டிய இகாமா என்னும் தங்குரிமை அட்டையையும் விசா என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்த மூன்றும் வெவ்வேறு கைகளிலிருந்து வருபவை. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருப்பதாக ஆகாது. மீன்பிடி வேலைக்கும், வீட்டு வேலைக்கும், கட்டட வேலைக்கும், செவிலியர் பணிக்கும் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பும் இம்மாவட்டத்தில் கடவுச்சீட்டு (பாஸ்போர்ட்), நுழைவிசைவு (விசா), தங்குரிமை (இகாமா) என்னும் சொற்களின் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்வது நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான ஒன்று.

பாஸ்போர்ட் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். அதன் முதற்பகுதிக்குக் கடந்து செல்லுதல் என்பது பொருள். பிற்பகுதிக்குத் துறைமுகம் என்பது பொருள். துறைமுகத்தைக் கடந்து செல்ல அரசு தந்த இசைவுத் தாள் என்பதே இதன் தொடக்கப் பொருளாகக் கருதப்படுகிறது. பிற்பகுதி நகரக் கோட்டையின் வாயிலைக் குறித்தது என்று விளக்குவாரும் உண்டு. இரயுமன்துறை, சின்னத்துறை, மார்த்தாண்டன்துறை என்று ஊருக்கு ஊர் துறையைப் பெயரிலேயே வைத்திருக்கும் கடற்கரையில் ‘துறைச்சீட்டு’ என்றொரு சொல் பிறந்திருந்தாலும் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆயினும் தமிழில் சொல் ஆக்கியவர்கள் துறையை விட்டுவிட்டுக் கடப்பதை எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் போனாலும், வானூர்தியில் போனாலும், தரைவழியே எல்லையைத் தாண்டினாலும் கடப்பது பொதுவானது என்பதால் அது நல்ல தேர்வு.

கடவு என்பது கட என்னும் வினையடியிலிருந்து வந்தது. வழி, கடந்து செல்லும் இடம் என்ற பொருள்களில் அது பழகிய சொல். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஆற்றில் இறங்கிக் குளிக்கும் இடத்தையும், வள்ளம் ஏறி அக்கரைக்குப் போகும் இடத்தையும் கடவு என்றே சொல்வார்கள். மலையாளத்திலும் அதே சொல் அதே பொருளில் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தைப் பாதசாரிக் கடவை என்கிறார்கள். கணினியில் நுழைவதற்கான சொல்லைக் கடவுச்சொல் என்று வைத்தபோதும் இதே அடியே உதவிற்று. ஆகவே கடவுச்சீட்டு என்பது அகராதியில் மட்டும் வாழும் செயற்கைச் சொல் என்று சிலர் கருதுவது சரியன்று. அதன் முதற்பாதி குமரிக்காரரின் நாவில் நாள்தோறும் புழங்குவது.

வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் இன்னொரு சொல்லையும் அறிவார்கள். அரபியில் பாஸ்போர்ட்டுக்கு ஜவாஸ் சஃபர் என்று பெயர். சவூதி அரேபியாவில் கடவுச்சீட்டு, குடிநுழைவு ஆகியவற்றைக் கவனிக்கும் துறையை ‘ஜவாஸாத்’ என்றே நம்மவர்களும் சொல்கிறார்கள். ஜவாஸ் என்பதன் வினையடிக்குக் கடந்து செல்லுதல் என்ற பொருளும், அனுமதிக்கப்பட்டதாக இருத்தல் என்ற பொருளும் சேர்ந்தே உண்டு. சஃபர் என்றால் பயணம். கடப்பதையும் இசைவையும் ஒரே அடியில் வைத்திருக்கும் அச்சொல்லுக்குக் கடவுச்சீட்டு என்பது மிக நெருக்கமாக நிற்கிறது.

சீட்டு என்ற பிற்பாதியைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடப்பிதழ் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடவுச்சீட்டு என்பதே எழுத்து வழக்கு. பழைய காலத்தில் இது ஒற்றைத் தாளாகவே இருந்தது. நாடுகளின் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 1920இல் பாரிசில் கூட்டிய மாநாடுதான் எல்லா நாடுகளும் ஏறத்தாழ ஒரே வடிவிலான சிறு புத்தகமாக இதை அச்சிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் கையில் இருப்பது 36 பக்கமோ 60 பக்கமோ கொண்ட புத்தகம் என்பதால் சீட்டு என்பது பொருந்தாது என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் வலுவாகப் படவில்லை. சீட்டு என்பது அளவைக் குறிக்கும் சொல் மட்டுமன்று. ஒருவர் கைப்பட எழுதித் தந்து, அதைக் காட்டினால் மற்றொருவர் மதிக்க வேண்டும் என்ற உறவையும் அது குறிக்கிறது. புலவர்கள் வள்ளல்களுக்கு எழுதியனுப்பிய பாட்டைச் சீட்டுக்கவி என்று அழைத்த மரபில் அந்தப் பொருள் தெளிவாக இருக்கிறது. தன் குடிமகன் இவன், இவனைத் தடையின்றிக் கடந்து செல்ல விடுங்கள் என்று ஓர் அரசு மற்ற அரசுகளுக்கு எழுதுவதுதான் கடவுச்சீட்டு. ஆகவே அதைத் தருவது எப்போதும் சொந்த நாடே.

இந்தியாவில் இதை ஆள்வது 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்ததை அடுத்தே அச்சட்டம் வந்தது. அது மூன்று வகைக் கடவுச்சீட்டுகளைச் சொல்கிறது. பொதுமக்களுக்கு உரியது கருநீல அட்டை கொண்ட சாதாரணக் கடவுச்சீட்டு. அரசு வேலையாக அனுப்பப்படும் அலுவலர்களுக்கு வெள்ளை அட்டையில் அலுவல்முறைக் கடவுச்சீட்டு. தூதர்களுக்கும் உயர்பொறுப்பில் உள்ளோருக்கும் அரக்குச் சிவப்பு அட்டையில் தூதாண்மைக் கடவுச்சீட்டு. தட்கல் என்று தனி வகை எதுவும் இல்லை. அது விரைந்து பெறும் முறையின் பெயர்தான். வயது வந்தோருக்குச் சாதாரணக் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் செல்லும். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பலரும் அறியாத ஒன்றைச் சொல்கிறது: கடவுச்சீட்டு எந்நேரமும் இந்திய அரசின் உடைமை. எனவே அயல்நாட்டு முதலாளி ஒருவர் அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும்போது, அவர் தொழிலாளியிடமிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்திய அரசின் பொருளையும் பிடித்து வைக்கிறார்.

கடவுச்சீட்டு தொலைந்தாலோ முதலாளியிடம் சிக்கினாலோ ஊர் திரும்புவதற்குத் தூதரகம் தரும் அவசரச் சான்றும் இதே சட்டத்தில் இருக்கிறது. வளைகுடாவில் ‘அவுட்பாஸ்’ என்று பேசப்படுவது பெரும்பாலும் இதைத்தான். அது கடவுச்சீட்டு அன்று. இந்தியாவுக்குள் திரும்பி வருவதற்கு மட்டுமே உதவும். அதைக் கொண்டு வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போகலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பக் கூடாது.

சாதாரணக் கடவுச்சீட்டுக்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு. குமரி மாவட்டத்துக்கு அதுவே மிகவும் இன்றியமையாதது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்) என்ற குறிப்பு அச்சிடப்படுகிறது. ‘எமிக்ரேஷன்’ என்ற சொல்லை இமிக்ரேஷனோடு குழப்பிக்கொள்வதால் இது என்னவென்றே பலருக்கு விளங்குவதில்லை. இலங்கைத் தமிழில் இவ்விரண்டுக்கும் அழகான இணை இருக்கிறது: உள்ளே வருவது குடிவரவு, வெளியே செல்வது குடியகல்வு. நாமும் அதை எடுத்துக்கொண்டு இக்குறிப்பைக் ‘குடியகல்வு இசைவு தேவை’ என்று சொன்னால் பொருள் உடனே தெளிவாகும். 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின்படி, இக்குறிப்பு உள்ள ஒருவர் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்காகச் செல்லும்போது, குடியகல்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்து இசைவு தர வேண்டும். சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இக்குறிப்பை ஓர் இழிவாகக் கருதி, அதை மறைக்கச் சுற்றுலா என்று சொல்லிப் புறப்படுவோர் இருக்கிறார்கள். உண்மையில் அது படிப்புக் குறைந்த தொழிலாளியை ஏமாற்றாமல் தடுக்க வைத்த காவல். அதைச் சுற்றிக்கொண்டு போகிறவர் அந்தக் காவலையும் இழந்தே போகிறார்.

இனி விசா. இலத்தீனில் ‘கார்ட்டா வீசா’ என்றால் பார்க்கப்பட்ட தாள். அயல்நாட்டு அலுவலர் ஒருவர் பயணியின் கடவுச்சீட்டைப் பார்வையிட்டு, பார்த்தேன் என்று இட்ட குறிப்புதான் முதலில் விசா ஆயிற்று. அரபியில் இதற்கு வழங்கும் தஃஷீரா என்ற சொல்லும் குறியிடுதல் என்ற பொருளிலிருந்தே வந்தது. எனவே விசா தனித்து நிற்கும் ஒன்றன்று. வேறொரு நாட்டின் கடவுச்சீட்டின்மேல் ஏறி அமரும் குறிப்பு. இன்று அது மின்னணு வடிவில் வந்தாலும், கடவுச்சீட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டே வருகிறது.

தமிழில் இதற்கு நுழைவுச்சீட்டு, நுழைவாணை, நுழைவிசைவு என்று பல சொற்கள் எழுதப்படுகின்றன. நுழைவுச்சீட்டு என்பதைத் தவிர்ப்பதே நல்லது. விவேகானந்தர் பாறைக்குப் படகேற வாங்குவதும், தேர்வு அறைக்குள் செல்லக் காட்டுவதும் நுழைவுச்சீட்டு. அது கையில் இருந்தால் உள்ளே விட்டாக வேண்டும். விசா அப்படிப்பட்டதன்று. விசா இருந்தாலும், இறங்கும் நாட்டின் குடிநுழைவு அலுவலர் கேள்வி கேட்டு, ஐயம் தீராவிட்டால் அடுத்த வானூர்தியில் திருப்பி அனுப்பலாம். நுழைவாணை என்பதும் பொருந்தவில்லை. அங்கே யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. நுழைவிசைவு என்பதே பொருளை அளவாகச் சொல்கிறது. இசைவு என்பது கேட்டவருக்கு ஒப்புதல் தருவது. தந்தவர் நிபந்தனை வைக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். பேச்சில் விசா என்றே சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. அது தமிழ் ஒலிக்கு இயல்பாகவே பொருந்திவிட்டது. எழுதும்போது நுழைவிசைவு என்பதைப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நுழைவிசைவின் வகைகள் எந்த நாட்டிலும் ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன: வருவது எதற்காக? ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை தங்கும் குறுகிய காலத்துக்கு ஒன்று, நெடுங்காலத்துக்கு ஒன்று, வானூர்தி நிலையத்தில் மாறிச் செல்வதற்கு ஒன்று என்று பிரித்திருக்கின்றன. அமெரிக்கா கப்பல் பணியாளருக்கெனத் தனி வகை வைத்திருப்பதை, கப்பலில் வேலை பார்க்கும் குமரி இளைஞர்கள் நன்கு அறிவார்கள். குவைத்தில் குடியிருப்பு விதிகளின் எண்களே நெடுங்காலமாகப் பெயர்களாக வழங்குகின்றன. தனியார் நிறுவன வேலைக்கு வந்தவரைப் பதினெட்டாம் நம்பர் என்றும், வீட்டு வேலைக்கு வந்தவரை இருபதாம் நம்பர் அல்லது காதிம் விசா என்றும் சொல்வார்கள். வீட்டு வேலைக்கென வந்தவர் கடையிலோ படகிலோ வேலை செய்தால் அது விதிமீறல்; மாட்டினால் தண்டனை அவருக்கும் உண்டு.

‘ஃப்ரீ விசா’ என்ற சொல்லைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு வகை எந்த நாட்டின் சட்டத்திலும் இல்லை. கஃபீல் எனப்படும் பொறுப்பாளர் ஒருவர் தம் பெயரில் வேலை விசா எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை எதுவும் தராமல், வெளியே எங்கேனும் உழைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவதற்கு இடைத்தரகர்கள் வைத்த பெயர் அது. அது இலவசமும் இல்லை, விடுதலையும் இல்லை. பெருந்தொகை கொடுத்து வாங்குவது. ‘விசிட் விசா’வில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்படுவதும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுவது. மாற்றம் கிடைக்கும்வரை செய்யும் வேலை சட்டத்தின் கண்ணில் விதிமீறல். கூலி தராவிட்டாலும் கேட்பது கடினம்.

ஈரானின் நிலை இதற்குத் தெளிவான சான்று. குமரிக் கடற்கரையிலிருந்து மீன்பிடி வேலைக்குப் பலர் செல்லும் அந்நாடு, மேலே சொன்ன 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. சாதாரணக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்தியர்கள் விசா இன்றியே சுற்றுலாவுக்கு 15 நாள்கள் வரை வந்து தங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் அது சலுகை அறிவித்தது. வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி இச்சலுகையின் வழியே பலர் அழைத்துச் செல்லப்பட்டு, ஆள்கடத்தலுக்கு ஆளான நிகழ்வுகள் வெளிவந்ததை அடுத்து, 2025 நவம்பர் 22 முதல் சலுகை நிறுத்தப்பட்டது. விசா வேண்டாம் என்பதற்கு வேலை செய்யலாம் என்பது பொருளன்று. சுற்றுலாவுக்கு மட்டும் முன் இசைவு கேட்க மாட்டோம் என்பதே பொருள்.

மூன்றாவது தாள் இகாமா. தங்கியிருத்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. விசா வாயிலைக் கடக்கும் இசைவு. அதன் பிறகு அந்நாட்டில் தொடர்ந்து இருப்பதற்கும், வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கும், மருத்துவமனைக்குச் செல்வதற்கும் உதவுவது இகாமாவே. தங்குரிமை அட்டை என்று இதைத் தமிழில் சொல்லலாம். விசாவின் நாள் முடிந்துவிட்டதே என்று அஞ்சித் தொலைபேசியில் கேட்பவர்கள் பலர். தங்குரிமை நடப்பில் இருந்தால், நாட்டுக்குள் வர மட்டும் பயன்பட்ட அந்த முதல் விசாவின் நாள் கடந்ததால் கேடு எதுவும் இல்லை. ஆனால் தங்குரிமையைப் புதுப்பிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் முதலாளியிடமே இருப்பதால், அவர் புதுப்பித்தாரா என்பதைத் தொழிலாளி தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சவூதி அரேபியாவில் அதை அப்ஷிர் செயலியில் பார்த்துவிடலாம். அட்டையில் எழுதியுள்ள தொழிலும் தாம் செய்யும் தொழிலும் ஒன்றா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.