காட்டுக்கு ஏற்ற ரிவால்வர்: எடையில் தொடங்கும் கணக்கு

மலையேற்றத்துக்கும் வேட்டைக்கும் ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் காலிபர்?" என்றுதான், அதாவது எந்தக் குழல் விட்டத்துக்கான தோட்டா என்று. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது, நாள் முழுவதும் எவ்வளவு எடையைச் சுமக்க முடியும், அந்த எடையில் எவ்வளவு பின்னுதைப்பைக் கை தாங்கும் என்பது. குழல் நீளம், தோட்டா, துப்பாக்கியைச் சுமக்கும் உறை எல்லாம் அதன் பின்னால் வரும்.

காரணம் எளிய இயற்பியல். குண்டும் வாயுவும் முன்னால் கொண்டுபோகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. .44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவின் வழக்கமான குண்டு 15.6 கிராம், நொடிக்குச் சுமார் 415 மீட்டர் வேகத்தில் போகிறது. கூடவே ஒன்றரை கிராம் வெடிமருந்து எரிந்து, குண்டைவிடப் பல மடங்கு வேகமான வாயுவாக வெளியேறுகிறது. இரண்டையும் கூட்டினால் உந்தம் ஏறத்தாழ 8.3 கிலோகிராம் மீட்டர்/நொடி. 1.35 கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வர் இதை வாங்கிக்கொண்டு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். கைக்குள் இறங்கும் ஆற்றல் சுமார் 25 ஜூல். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டானியம் சிலிண்டருமாக (தோட்டாக்களை வைக்கும் சுழலும் உருளை) 750 கிராமுக்கு இளைத்த ரிவால்வரில் அதே தோட்டாவைச் சுட்டால் வேகம் 11 மீட்டர், ஆற்றல் 46 ஜூல். எடையைப் பாதியாக்கினால் உதை இரட்டிப்பாகும். இந்த விதியிலிருந்து எந்த ரப்பர் கைப்பிடியும் நம்மை விடுவிக்காது. கைப்பிடி உதையைப் பரப்பித் தரும், அவ்வளவுதான்.

வலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ளலாம். இலகு ரிவால்வரில் இன்னொரு கோளாறும் உண்டு. துப்பாக்கி வேகமாகப் பின்னால் பாயும்போது, சிலிண்டரில் சுடப்படாமல் இருக்கும் தோட்டாக்களின் உறைகளையும் விளிம்பைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. அவற்றுள் இருக்கும் குண்டுகளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. உறையின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால், ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு கட்டத்தில் அதன் மூக்கு சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டு குழலின் பின்முனையில் இடிக்கும். சிலிண்டர் சுழலாது. ரிவால்வரில் சிக்கலே வராது என்று நம்பி வாங்கியவருக்கு, காட்டின் நடுவில் இதைச் சரிசெய்யக் கருவியும் இருக்காது, நேரமும் இருக்காது.

இதை முன்கூட்டியே சோதிக்கலாம். ஆறு தோட்டா ரிவால்வரில், ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியர் அளவுக் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியாகச் சுழன்று வரும் அறையில் போட்டு, மற்ற ஐந்தையும் சுடுங்கள். பிறகு வெளியே எடுத்து மறுபடியும் அளவிடுங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். வேறு வகைத் தோட்டாவைச் சோதியுங்கள், அல்லது கனமான ரிவால்வருக்கு மாறுங்கள்.

இப்போது காலிபருக்கு வரலாம். .22 சிறு விலங்குகளுக்கும் பயிற்சிக்கும். 1930-களின் நடுவில் வந்த .357 மேக்னம் 10.2 கிராம் குண்டைச் சுமார் 375 மீட்டர் வேகத்தில் செலுத்தி 700 ஜூலுக்கு மேல் தருகிறது. 1955-இல் வந்த .44 மேக்னம் 1,300 ஜூலைத் தாண்டும். 2003-இல் வந்த .500 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்) மேக்னம் இதையெல்லாம் விஞ்சும். ஆனால் அதற்கென்று கட்டிய ரிவால்வர்கள் பெரும்பாலும் 2 கிலோ அளவில் இருக்கும். மலைமேல் ஏறும்போது அந்த 2 கிலோ தங்கும் விடுதியிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம். பெரிய கரடி நடமாடும் காடு இல்லையென்றால், ஒரு கிலோவை ஒட்டிய எஃகு .357 பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம் என்பது நம் கருத்து. அதில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம் என்பதால் பயிற்சி மலிவாகவும் மென்மையாகவும் நடக்கும்.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. .38 ஸ்பெஷல் உறை .357 உறையைவிட 3.4 மில்லிமீட்டர் குட்டை. அதைத் தொடர்ந்து சுட்டால், அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு நீளமான .357 தோட்டாவைப் போட்டால் அது முழுதாக இறங்காது, இறங்கினாலும் சுட்ட பின் உறை வெளிவர அடம்பிடிக்கும். காட்டுக்குக் கிளம்பும் முன் அறைகளைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, கொண்டுபோகும் தோட்டாவை ஒவ்வோர் அறையிலும் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

குண்டின் வடிவமும் வேலையைப் பொறுத்தது. முனையில் குழியுள்ள குண்டு உடலுக்குள் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும்; மான் போன்ற மெல்லிய தோல் விலங்குக்கு அது பொருந்தும். தடித்த தோலும் கொழுப்பும் கனத்த எலும்பும் உள்ள விலங்குக்கு, தட்டை மூக்குள்ள கடின ஈயக் குண்டு தேவை. அது விரியாது, ஆழமாகப் போகும்.

குழல் நீளத்தில் வேகத்தைவிடக் குறிபார்ப்பதுதான் பெரிய விஷயம். 2 அங்குலக் குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். 4 அங்குலத்தில் 15. 6 அங்குலத்தில் 20. குறிகள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தொலைவில் குண்டு முறையே 25, 17, 12.5 சென்டிமீட்டர் தள்ளிப் படும். வேட்டை விலங்கின் உயிர்நிலையே அதைவிடப் பெரிதாக இருக்காது. நடைக்கு 4 அங்குலம், வேட்டைக்கு 6 என்று பழகியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். சாய்வு இல்லாமல், மேசையில் ஊன்றாமல், சுட்ட ஒவ்வொரு குண்டும் 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும் தொலைவு எதுவோ, அதுவே உங்கள் வேட்டைத் தொலைவு. அது 30 மீட்டர் என்றால் 31-இல் சுடக் கூடாது. காயத்தோடு ஓடி மறையும் விலங்கு நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர்வரை நல்லது. அதற்குக் குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் உரசும். மிகுந்தால் வாயு வீணாகி வேகம் குறையும். அந்த இடுக்கு வழியே பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் கிழிக்கும் அளவு வலுவானது. நீளத் துப்பாக்கியைப் பிடிப்பதுபோல் இடக்கையை முன்னால் கொண்டுபோய்க் குழலைத் தாங்கவே கூடாது.

பழைய ரிவால்வர் வாங்குவதானால் இந்த இடுக்கையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். இடைவெளியை அளவுத் தகட்டால் அளவிடுங்கள். பிறகு சிலிண்டரை விரலால் லேசாக உரசிப் பிடித்தபடி, துப்பாக்கியின் பின்புறம் உள்ள சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்கும்போது சிலிண்டரும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. பூட்டாத அறை குழலோடு நேர்கோட்டில் இருக்காது, குண்டு குழலின் பின்முனையில் இடித்து ஈயச் சீவல்களைப் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். இதைத் தள்ளுபடி விலைக்கும் வாங்காதீர்கள்.

சுத்தியலை ஒவ்வொரு முறையும் கையால் இழுக்கும் பழைய வகையில் இன்னொரு எச்சரிக்கை. சுத்தியலுக்கும் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசிக்கும் நடுவே தடுப்புத் தகடு இல்லாத மாதிரிகளில் ஊசி நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அத்தகைய ஆறு தோட்டா ரிவால்வரில் ஐந்துதான் போட வேண்டும், சுத்தியலுக்குக் கீழே காலி அறை.

எடுத்துச் செல்வதில் பலரும் சறுக்கும் இடம் இடுப்புறை. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை அதன்மேலேயே அமர்ந்துவிடும். பட்டையைக் கழற்றாமல் துப்பாக்கி வராது. பையைச் சுமப்பவருக்கு மார்புறைதான் ஏற்றது. டிரிகர் முழுதாக மூடியிருக்க வேண்டும், பிடிவார் இருக்க வேண்டும். வியர்வை படும் இடம் என்பதால் துருப்பிடிக்காத எஃகு நல்லது. அதுவும் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

காலி உறைகளை வெளியே தள்ளும்போது குழலை வானம் பார்க்கத் தூக்கிக்கொண்டு தள்ளுங்கள். சாய்த்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள்கள் உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் மாட்டும். நான்கைந்து துகள்கள் போதும், சிலிண்டர் மூடாமல் முரண்டு பிடிக்க. பழைய பல்துலக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுகோல் தளர்ந்து நீண்டாலும் சிலிண்டர் திறக்காது என்பதால், அதையும் கிளம்பும் முன் விரலால் திருகிப் பாருங்கள். உறைபனிக் குளிரில் கெட்டியான கிரீஸ் இறுகும், மெல்லிய எண்ணெய் போதும். மேக்னத்தின் சத்தம் 160 டெசிபெலைத் தாண்டும், ஒரே சூட்டில் செவித்திறன் போகலாம் என்பதால், வேட்டைக்கு உட்காரும்போது காதடைப்பான் காதில் இருக்கட்டும், பையில் அல்ல.