மொட்டை மாடிச் சூடும் ஆசியா என்ற பாறையும்

மே மாதம் சேலத்தில் இரவு ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியும் தளம் சுடும். பகலில் வாங்கிய வெயிலை ஆற அமரத் திருப்பித் தருகிறது. இதே சங்கதி விண்வெளியில் பாறைகளையே நகர்த்துகிறது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் ‘ஆசியா’ என்று ஒன்று இருக்கிறது. 1861-இல் நார்மன் போக்சன் மதராஸ் வானாய்வுக்கூடத்திலிருந்து கண்டுபிடித்தது. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 3.77 ஆண்டுகள். அதுவே 3.95 ஆக இருந்திருந்தால் இந்நேரம் அங்கே தங்கியிருக்காது. இரண்டு மாத வித்தியாசம்தான்!

வியாழன் ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் 3.95. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு பெரியவர் ஒரு சுற்று நடப்பதற்குள் ஒரு பையன் மூன்று சுற்று ஓடுகிறான் என்று வையுங்கள். வேகம் மாறாதவரை அவன் அவரை முந்துகிற இடங்கள் இரண்டே இரண்டு. எத்தனை நாள் ஓடினாலும் அதே இரண்டு. பெரியவர் வியாழன் என்றால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடித்து இழுப்பார். இழுவை சேரச் சேரப் பையனின் பாதை நீண்டு, செவ்வாய், பூமி ஆகியவற்றின் பாதைகளை வெட்டத் தொடங்கும். ஆசியாவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தவில்லை, பிழைத்தது.

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் 2.5 மடங்கில் சுற்றும் பாறைக்குத்தான் அந்த 3.95 ஆண்டுக் கணக்கு. அங்கே இப்படி விழுந்த இடைவெளியை 1866-இல் டேனியல் கிர்க்வுட் கவனித்தார். வானத்தில் காலியான வளையம் என்று நினைத்துவிடாதீர்கள். சராசரித் தூரத்தை வைத்துப் பார்த்தால்தான் காலி. ஆசியாவே 1.97 மடங்கிலிருந்து 2.87 வரை போய்வருகிறது, வழியில் 2.5-ஐத் தாண்டித்தான்.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம். சுழலும் பாறையிலும் பிற்பகல் பக்கம்தான் அதிகச் சூடு. அங்கிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் பாறையை எதிர்ப்பக்கமாக மெல்ல உதைக்கும். சூரியனைச் சுற்றும் திசையிலேயே தன்னையும் சுழற்றிக்கொள்ளும் பாறைக்கு உதை முன்னோக்கி விழும், பாதை விரியும். எதிர்த்திசையில் சுழன்றால் சுருங்கும். இதற்கு யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் அகலமுள்ள ஆசியாவுக்கு இதெல்லாம் கொசுக்கடி. சில மீட்டர் அகலக் கல்லுக்கு அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் உதை வாங்கினால் மெதுவாக நகர்ந்து அந்த 2.5-க்குள் போய் விழுந்துவிடும். அப்புறம் அது வியாழன் பாடு. பூமியில் வந்து விழும் விண்கற்களில் பல இந்த வழியாக வந்தவைதான்.