கல்லூரி நூலகத்துக்குள் வெளியாள் வரலாமா?

போன ஜூன் மாதம், அட்மிஷன் நெரிசல் நேரம். எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பெரியவர் முக்கால் மணி நேரமாக நின்றிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு நீள நோட்டும் கண்ணாடிக் கூடும். தன் ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்கு வேண்டிய பழைய கல்வெட்டுத் தொகுதி ஒன்று எங்கள் நூலகத்தில் இருப்பதாக அவருடைய மாணவர் ஒருவர் சொல்ல, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். “ஐ.டி. கார்டு இல்லாம உள்ள விட முடியாதுங்க ஐயா” என்று வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். வாட்ச்மேன் மேல் தப்பில்லை. அவருக்கு வேறு மாதிரி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

வாசல் பக்கம் தபால் வாங்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். உள்ளே அழைத்துவந்து உட்காரவைத்து, அந்தத் தொகுதியை எடுத்துக் கொடுத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் புரட்டவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் ஒரு காகிதத் துண்டை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே, பென்சிலால் வரி வரியாகப் படியெடுத்தார். நாலரை மணிக்கு உதவியாளர் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்த பிறகும் நிமிரவில்லை. “நாளைக்கும் வரலாமாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் எங்களிடம் இல்லை. 22 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன், இவ்வளவு நாள் அதை எழுதிவைக்கவில்லை.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி நூலகத்தைத் தேடி வருகிறவர்களுக்கும், என்னைப் போல மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “எங்க வரிப்பணத்துல நடக்குற நூலகம்தானே, ஏன் விடமாட்டேங்கிறீங்க?” என்று சிலர் கோபப்படுவார்கள். நாம் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டும் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா, பொது நூலகங்களுக்குப் போகிறது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. கிளை நூலகமும் மாவட்ட மைய நூலகமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். கல்லூரி நூலகம் வராது. அது அந்தக் கல்லூரியின் மாணவருக்கும் ஆசிரியருக்கும் என்று ஏற்பட்டது. அரசுக் கல்லூரியாக இருந்தாலும் சரி, தனியார் கல்லூரியாக இருந்தாலும் சரி, வெளியாளை அனுமதிப்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. அதனால் உரிமை என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். என்ன தேடி வந்தேன் என்று சொன்னால் பேச்சு தொடரும்.

அடுத்தது, உள்ளே உட்கார்ந்து படிப்பது வேறு, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதால்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். “மெம்பர்ஷிப் கிடைக்குமா?” என்று கேட்டால், “வெளியாட்களுக்குக் கிடையாது” என்று பதில் வரும். பேச்சு முடிந்தது. “இந்தப் புத்தகத்தை இங்கேயே உட்கார்ந்து ஒரு நாள் பார்க்க வேண்டும்” என்று கேட்டிருந்தால், அதே நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். என் அனுபவத்தில், காரணம் சொல்லி வந்தவரை உள்ளே படிக்க விடாத நூலகர்கள் குறைவு. புத்தகத்தை வெளியே கொடுக்கத் தயங்காத நூலகர்கள் அதைவிடக் குறைவு.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அக்செஷன் எண், அதாவது நூலகப் பதிவேட்டு எண் உண்டு. ஸ்டாக் எடுக்கும்போது அந்த எண்ணுக்கு நேராகப் புத்தகம் இல்லையென்றால், எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215 இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஓர் ஆண்டில் வாசகர் கையில் புழங்கிய 1,000 புத்தகங்களுக்கு 5 வரை காணாமல் போனால், அதில் நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும், விலை எதுவானாலும் அரிய புத்தகமும் போனால் விசாரித்தே ஆக வேண்டும். நல்ல விதி. புத்தகம் புழங்கினால் சில தொலையத்தான் செய்யும் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. அந்த இளக்கத்தை எல்லாக் கல்லூரி நிர்வாகமும் காட்டுவதில்லை. ஓய்வுபெறும் நேரத்தில் நான்கு புத்தகத்துக்குக் கையிலிருந்து பணம் கட்டியவரை எனக்குத் தெரியும். மாணவர் என்றால் டி.சி. வாங்க ஒருநாள் வந்தாக வேண்டும், அப்போது நோ டியூ, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று கேட்கலாம். வெளியாளிடம் எதைக் கேட்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் ஆய்வுக்காக நாங்கள் தினமும் எழுதிவைக்கும் வருகைக் கணக்கில் மாணவரும் ஆசிரியரும்தான் சேர்வார்கள். வெளியிலிருந்து வரும் வாசகர் அந்தக் கணக்கில் இல்லை. எண்ணிக்கையில் சேராதவருக்கு நிர்வாகம் நேரம் ஒதுக்காது. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, வாசகர் என்ன செய்யலாம்? கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். நூலகத்துக்கே போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆபீசில் எடுப்பவர் பெரும்பாலும் “லெட்டர் கொண்டு வாங்க” என்பதோடு முடித்துவிடுவார். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு நெருக்கடி இருக்கும், அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. நிறையக் கல்லூரிகளின் நூலகப் பட்டியல் இப்போது இணையத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே தேடி, புத்தகத்தின் பெயரோடு அலமாரி எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். “கல்வெட்டு பத்தி ஏதாவது இருக்கா?” என்று கேட்பவருக்கும், எண்ணோடு சீட்டை நீட்டுபவருக்கும் கிடைக்கிற வரவேற்பு ஒன்றாக இருக்காது. நூலகருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அந்தச் சீட்டில்தான்.

கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் கடிதங்களில் பாதி, “மேற்படி மாணவரைத் தங்கள் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரே வரியோடு இருக்கும். தேதிகூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு நான் பிரின்சிபாலிடம் போனால், “எத்தனை நாளைக்கு? எதைப் பார்க்க?” என்று கேட்பார். உங்கள் பெயர், துறை, தலைப்பு, பார்க்க வேண்டிய இரண்டு மூன்று புத்தகங்களின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இவ்வளவும் இருக்கட்டும். நெறியாளர் கையெழுத்தோடு உங்கள் நூலகர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. நூலகரும் நூலகரும் பேசிக்கொண்டால் காரியம் சுலபமாக முடியும். எந்த நிறுவனத்திலும் இல்லாதவர்கள், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போல, தங்கள் கைப்படவே எழுதலாம். ஆதார் நகலோடு, எதற்காகப் படிக்கிறேன் என்று நான்கு வரி. அது போதும் என்று எங்கள் கல்லூரியில் இப்போது முடிவாகியிருக்கிறது.

உள்ளே வந்த பிறகு பையை வாசலில் வையுங்கள். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கக் கேட்காதீர்கள். சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் படியெடுக்க 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 இடம் கொடுக்கிறது. அட்டை முதல் அட்டை வரை என்றால் அது வேறு விஷயம். பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். புத்தகத்துக்கும் அதுதான் நல்லது.

இரவலுக்கு வருவோம். நேர்வழிகள் சில உண்டு. முன்னாள் மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் தனி உறுப்பினர் அட்டை தருகின்றன. எங்களிடம் 2,000 ரூபாய் வைப்புத்தொகை, ஒரு தடவைக்கு 2 புத்தகம், 15 நாள். அட்டையை ஒப்படைத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இன்னொரு கல்லூரியில் படிப்பவர் என்றால், உங்கள் கல்லூரி டெல்நெட் உறுப்பினரா என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள். டெல்லியில் 1988-இல் தொடங்கிய நூலகக் கூட்டமைப்பு அது. அதில் இருக்கிற நூலகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று புத்தகம் வாங்கி வாசகருக்குக் கொடுக்கலாம். உங்கள் சார்பில் உங்கள் நூலகம் கேட்கும், பொறுப்பும் அதனுடையது. கேட்டால் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாததால், சந்தா கட்டியும் இது தூங்குகிறது.

தயவுசெய்து செய்யக்கூடாதது ஒன்று உண்டு, அடுத்தவர் அட்டையில் எடுப்பது. பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பக்கத்து வீட்டு அண்ணன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார் என்று தன் அட்டையில் இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்திருந்தாள். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வீடு மாற்றியதில் புத்தகம் எங்கே போனதென்று அவருக்கும் தெரியவில்லை. இவளுக்கு எம்.காம். சேர மறுநாள் கடைசித் தேதி. டி.சி. வாங்க நோ டியூ வேண்டும். என் மேசை முன்னால் நின்று அழுதாள். அதில் ஒரு புத்தகம் அச்சிலேயே இல்லை. கடைசியில் விலையோடு அபராதமும் சேர்த்து அவள் அப்பா கட்டினார். அவர் தச்சு வேலை செய்பவர். பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்ட அண்ணனும் கெட்டவர் இல்லை. அவர் நேராக என்னிடம் வந்திருந்தால், உள்ளே உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்திருப்பேன்.

மின்னிதழ்களுக்கும் இதே பேச்சுதான். மாணவரின் பாஸ்வேர்டை வாங்கிக் கட்டுரைகளை இறக்காதீர்கள். ஒரே கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் இறக்கம் நடந்தால், பதிப்பகம் மொத்தக் கல்லூரியின் இணைப்பையும் நிறுத்திவைக்கும். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு வந்திருக்கின்றன. அதுவும் அந்த நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது முனைவர் பட்ட ஆய்வேடு என்றால், எந்தக் கல்லூரி வாசலிலும் நிற்க வேண்டாம். ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் சிலர் தேடுவது இந்த இரண்டில் கிடைத்துவிடும். மேசையிலேயே திறந்து காட்டி அனுப்புகிறோம்.

இனி, சக நூலகர்களுக்கு. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதுவரை கணக்கு வாத்தியாராக இருந்தவர். வாசகரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று 1931-இல் விதிகளாகவே எழுதிவைத்தார். நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்த ஒட்டிப்போன கல்வெட்டுத் தொகுதிக்கான வாசகர் எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஜூலையில் நூலகக் குழுவைக் கூட்டி ஒரு பக்க விதி எழுதினோம். வெளி வாசகர் வேலை நாட்களில் 2 மணி முதல் 4.30 வரை வரலாம். தேர்வு வாரங்களில் மட்டும் இல்லை. படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், இரவல் கிடையாது. ஒரு சமயத்தில் 4 பேர். கடைசி வரியில், இடம் இல்லையென்றால் எந்த நாள் வரலாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்று போட்டோம். அதை லேமினேட் செய்து ஒரு பிரதி வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது. இப்போது அவரே இன்டர்காமில் கூப்பிடுகிறார்: “மேடம், புக் பார்க்க ஒருத்தர் வந்திருக்காரு.” வருகைப் பதிவேட்டில் ‘என்ன தேடி வந்தார்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். நிலத்தடி நீர், நாட்டு மாட்டு இனம், தாத்தா படித்த பள்ளிக்கூடத்தின் வரலாறு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இதுவரை ஒரு புத்தகமும் காணாமல் போகவில்லை.

எல்லாம் செய்தும் ஒரு கல்லூரியில் கதவு திறக்கவில்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். சென்னையில் 1896-இல் திறந்த கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டும் பொதுமக்களுக்கானவை. பழைய தமிழ் இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சுவடிகளுக்குத் தஞ்சாவூர் சரசுவதி மகால். உங்களைத் திருப்பி அனுப்பும் நூலகரிடமே, “இது வேறு எங்கே கிடைக்கும்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எங்களுக்குத் தெரியும்.