விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் யார் பொறுப்பு?

போன வருஷம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு போன். "அண்ணே, வண்டி போயிருச்சு. பிள்ளைங்களோட வெளிய நிக்கிறேன்." துபாயிலிருந்து மாலை ஐந்துக்கு இறங்க வேண்டிய விமானம் எட்டரைக்கு இறங்கியிருக்கிறது. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வருவதற்குள் மதுரை ரயில் தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. விமான கம்பெனியைக் கேட்டால், "சென்னையில் இறக்கிவிட்டோமே" என்கிறார்கள். ரயில்வேயைக் கேட்டால், வண்டி சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ரயில் டிக்கெட் பணம் போனது, அதற்கு மேல் மதுரை வரை டாக்ஸிக் கூலி.

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன், இது எனக்குப் புதுக் கதையில்லை. இரண்டு டிக்கெட் வாங்கினால் நடுவில் இருக்கும் பொறுப்பு பயணியின் தலையில். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஜெர்மனியில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலேயே 1999-ல் தொலைதூர ரயில் நிலையம் திறந்தார்கள். லுப்தான்சா விமான கம்பெனியின் டிக்கெட்டில் கொலோன் நகரம் வரை போகும் ரயிலுக்கும் விமான எண் உண்டு. கொலோன் ரயில் நிலையத்துக்கே விமான நிலையத்தைப் போல 'க்யூகேஎல்' என்று மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. விமானம் தாமதமானால் அடுத்த ரயில், ரயில் தாமதமானால் அடுத்த விமானம், கூடுதல் காசு கிடையாது. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பதெல்லாம் பழைய கதை. 2024-ல் அங்கே தொலைதூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாமதம். ஆனாலும் பயணி நடுத்தெருவில் நிற்பதில்லை, ஏனென்றால் டிக்கெட் ஒன்று. கொலோனுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே பறந்த விமானங்களையே நிறுத்திவிட்டார்கள். குறைந்த தூர விமானம் மேலே ஏறுவதற்கே எரிபொருளில் பெரும்பங்கைக் குடித்துவிடும், அதுவும் மிச்சம்.

நம் ஊரில் யோசனை இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளின் பிஎன்ஆரை, அதாவது முன்பதிவு எண்ணை, இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டால் அதன் பணம் திரும்பும். அதை விமானத்துக்கு நீட்டவில்லை, அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுக்கிறோம், ரயில் முன்பதிவோ 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது.

விமானத்துக்கும் ரயிலுக்கும் ஒரே டிக்கெட் வரும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தெற்கே போகிறவர்கள் எழும்பூருக்கு ஓடாதீர்கள். நெல்லை வந்தே பாரத் உட்படத் தெற்கே போகும் பெரும்பாலான வண்டிகள் தாம்பரத்தில் நிற்கும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், அங்கிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் தாம்பரம். (நாலு பெரிய பெட்டியோடு மின்சார ரயிலில் ஏறச் சொல்ல மாட்டேன், ஆட்டோ பிடியுங்கள்.) ஊரிலிருந்து விமானம் பிடிக்க வருகிறவர்களும் தாம்பரத்திலேயே இறங்குங்கள். எழும்பூர் வரை போய் அதே வழியில் திரும்பி வந்தவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வடக்கே போகிறவர்களுக்குக் கவலையில்லை, விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு நேராக மெட்ரோ.

வெளிநாட்டு விமானம் இறங்குவதற்கும் ரயிலுக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது விடச் சொல்கிறேன். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால் மதுரை வரை ஒரே பிஎன்ஆரில் விமானம் போடுங்கள். தனி டிக்கெட்டாகப் போட்டால் உள்நாட்டு விமானத்தில் பெட்டி பொதுவாக 15 கிலோதான், ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசியிலேயே 40 கிலோ.

போன வருஷம் ரயிலை விட்ட அந்தத் தங்கச்சி இந்த வருஷமும் வந்தார். விமான டிக்கெட் போட்ட அன்றே ரயில் முன்பதிவு திறக்கும் தேதியை என் டைரியில் குறித்துவிட்டேன். காலை விமானம், ராத்திரி வண்டி. இடையில் பல்லாவரத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு, தூக்கம். விமானம் அன்றைக்குப் பார்த்து இருபது நிமிடம் முன்னாடியே இறங்கியதாம்.