வலை வாங்கும் முன் இலையைப் பாருங்கள்

"சார், குருவி துளிரையெல்லாம் தின்னுடுது, எந்த வலை வாங்கலாம்?" பங்குனி, சித்திரையில் மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. தோட்டக்கலை ஆலோசனை சொல்வது என் தொழில். பதில் சொல்லும் முன், கடிபட்ட இலையைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும்.

எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். துளிரைக் காணோம், மிச்சமிருக்கும் இலையில் கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம். வேறென்ன சாட்சி வேண்டும் என்று வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதியிருப்பார். அந்த எச்சத்தை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். நெளியும். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடியும் வரும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. பறவை கண்ணுக்குத் தப்பத்தான் எச்சம்போல வேடம் போட்டிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு கலந்துவிடும். சின்னக் கன்றை மொட்டையடிப்பது அந்தப் பருவத்தில்தான். கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து தேவையில்லை. அந்தக் கன்றைச் சுற்றிக் குருவி வந்தால் துரத்தாதீர்கள், புழுவுக்காகக்கூட வந்திருக்கும்.

முருங்கைக்கு அடியில் மொட்டு கொட்டிக் கிடந்தால் பழி கிளிமேல் விழும். விழுந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். துளையோ புழுவோ இருந்தால் மொட்டுப்புழு. உதிர்ந்ததைப் பொறுக்கி அழித்துவிட்டு, மரத்தடி மண்ணைக் கொத்திவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும். உள்ளே சுத்தமாக இருந்து, காம்போடு நறுக்கிப் போட்டதுபோலக் கிடந்தால் கிளிதான். அதற்குச் சிக்கனம் தெரியாது, ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கீழே போடும். இருந்தாலும் முருங்கையில் பூப்பதெல்லாம் காயாவதில்லை. வீட்டு மரம் ஒன்றிரண்டுக்காகக் கிளியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை என்பதே என் கட்சி.

பறவையால் உண்மையிலேயே நஷ்டம் வருவது கீரைப்பாத்தியில். முளைத்து இரண்டு இலை விட்டதுமே சிட்டுக்குருவியும், சின்னான் என்கிற கொண்டைக்குருவியும் வந்துவிடும். பறவை கொத்திய இலை ஓரத்திலிருந்து கிழிந்திருக்கும், நடு நரம்பு பல நேரம் மிஞ்சும். புழு தின்றால் விளிம்பு வழுவழுவென்று வளைந்திருக்கும், கீழே மிளகுத்தூள்போலக் கழிவு கிடக்கும். காலையில் பளபளவென்று கோடு தெரிந்தால் நத்தை.

கீரைக்கு முதல் இரண்டு வாரம் மூடி வைத்தாலே பெரும்பாலும் தப்பிவிடும். பழைய சி.டி. கட்டித் தொங்கவிடுவது ஒரு வாரம் பலிக்கும், அப்புறம் சின்னான் அந்தக் கயிற்றிலேயே உட்காரும். மொட்டைமாடி வெயிலில் பறவைக்குத் தண்ணீர் கிடைப்பதும் கஷ்டம். செடிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். இளந்தளிரைக் கொத்துவது குறைந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. செடியில் இரண்டு இலையைச் சேர்த்துப் பஞ்சும் நூலாம்படையும் வைத்துத் தைத்ததுபோல இருந்தால், நோய் என்று கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது தையல்சிட்டின் கூடு.

வலை கட்டியே ஆகவேண்டும் என்றால், தளர்வாகத் தொங்கும் மெல்லிய நைலான் வலை மட்டும் வேண்டாம். குருவி, ஓணான், பாம்பு எல்லாம் அதில் மாட்டிக்கொண்டு வெயிலில் சாகின்றன. மூங்கில் குச்சியாலோ பி.வி.சி. குழாயாலோ சட்டம் போட்டு, கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். ஓரத்தில் இடைவெளி விடாதீர்கள். பசைப்பொறியும் விஷத் தானியமும் கூடவே கூடாது. கிளியும் மயிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பிடிப்பதும் கூண்டில் அடைப்பதுமே குற்றம், கொல்வதைச் சொல்லவே வேண்டாம். கடலை முளையை மயில் தின்று தீர்க்கிறது என்கிற விவசாயிகள் வனத்துறையில் மனு கொடுப்பதுதான் வழி.

வலையைத் தினமும் காலையிலும் மாலையிலும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பறவை சிக்கியிருந்தால் இழுக்கக் கூடாது, கால் முறிந்துவிடும். ஒரு துணியை மேலே போட்டு மெதுவாகப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலால் நூலை ஒவ்வொன்றாக வெட்டிவிடுங்கள்.