ரீஸ்டார்ட் பண்ணும் முன் இரண்டு வியூ

மே, ஜூன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டும். அந்த நேரம் பார்த்து எடைமேடைச் சீட்டு சேவ் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், உடனே எஸ்க்யூஎல் சர்வரை, அதாவது சீட்டெல்லாம் சேரும் டேட்டாபேஸ் மென்பொருளை, ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். வேலை நடக்கும், மறுநாள் மறுபடி தொங்கும். டேட்டாவைப் பூட்டி மற்றவர்களை யார் மறித்தார்கள் என்ற தடயம் மட்டும் ரீஸ்டார்ட்டோடு போயிருக்கும். சர்வருக்குள் நடப்பதைப் பட்டியலாகக் காட்டும் டிஎம்வி எனப்படும் சிஸ்டம் வியூக்கள் தருவது பெரும்பாலும் மெமரியில் இருக்கிற கணக்குதான்.

தொங்கும்போதே, அந்த நேரத்தில் ஓடும் வேலைகளைக் காட்டும் சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரெக்வெஸ்ட்ஸ் பாருங்கள். 'வியூ சர்வர் ஸ்டேட்' அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் செஷன் (சர்வரோடு உள்ள உங்கள் இணைப்பு) மட்டுமே தெரியும். பிளாக்கிங்_செஷன்_ஐடி பூஜ்யம் அல்லாத வரிகள் காத்துக்கிடப்பவை. செஷன் 71-ஐ 64 மறிக்கிறது, 64-ஐ 58 மறிக்கிறது என்று ஏறிப்போனால், 58 அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பலரும் குழம்பிப்போய் ரீஸ்டார்ட்டுக்குப் போவது இந்த இடத்தில்தான். 58 எதையும் ஓட்டவில்லை. முழுதாக முடித்தோ ரத்துசெய்தோ ஆகவேண்டிய மாற்றங்களின் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துபோட்டு, பூட்டைப் பிடித்தபடி தூங்குகிறது. சிஸ்.டிஎம்_எக்ஸெக்_செஷன்ஸ் போய்ப் பாருங்கள்: ஸ்டேட்டஸ் 'ஸ்லீப்பிங்', ஓப்பன்_டிரான்ஸாக்‌ஷன்_கவுண்ட் 1. எந்தக் கம்ப்யூட்டர் என்பதை ஹோஸ்ட்_நேம் சொல்லும், எப்போதிருந்து என்பதை லாஸ்ட்_ரெக்வெஸ்ட்_எண்ட்_டைம் சொல்லும். குறித்துக்கொண்டு 'கில் 58' கொடுங்கள். பெரிய அப்டேட் என்றால் ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திருப்பிப்போடுவது) முடியும்வரை பொறுக்க வேண்டும்.

58 மாதிரி திறந்தே கிடப்பது இப்படியும் வரும்: டாட்நெட்டில் எழுதிய மென்பொருளில் நாம் மாற்றாதவரை கமாண்ட் டைம்அவுட், அதாவது ஒரு குவெரிக்காகக் காத்திருக்கும் வரம்பு, 30 விநாடி. அது வந்ததும் குவெரி நிற்கும். டிரான்ஸாக்‌ஷன் திறந்தே கிடக்கும், பூட்டும் விடாது. மென்பொருள் ரோல்பேக் சொல்ல வேண்டும், அல்லது புரொசீஜரின் முதல் வரியில் 'செட் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் ஆன்' இருக்க வேண்டும்.

மறிப்பே இல்லாமல் மந்தமாக இருந்தால் சிஸ்.டிஎம்_ஓஎஸ்_வெயிட்_ஸ்டாட்ஸ். அதிலுள்ளது எதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்ற கணக்கு, சர்வர் எழுந்ததிலிருந்து சேர்ந்த மொத்தம், மில்லிவிநாடியில். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்தால்தான் இன்றைய நிலை தெரியும். பேஜ்ஐஓலாட்ச்_எஸ்ஹெச் ஏறியிருந்தால் டேட்டாவுக்காக டிஸ்க்கைப் பார்த்துக் காத்திருக்கிறது. ரைட்லாக் என்றால் மாற்றங்களைப் பதிவுசெய்யும் லாக் ஃபைல் எழுதும் டிஸ்க்கைப் பாருங்கள்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) பயன்பாட்டைக் காட்டும் சிஸ்.டிஎம்_டிபி_இண்டெக்ஸ்_யூசேஜ்_ஸ்டாட்ஸும் அப்படியே. யூபிஎஸ் தாங்காமல் நேற்று இரவு சர்வர் அணைந்திருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். எந்த இண்டெக்ஸையும் டிராப் செய்யும் (நீக்கும்) முன் சிஸ்.டிஎம்_ஓஎஸ்_சிஸ்_இன்ஃபோவில் எஸ்க்யூஎல்சர்வர்_ஸ்டார்ட்_டைம் பாருங்கள். மாங்காய் சீசன் ரிப்போர்ட்டுக்குப் போட்ட இண்டெக்ஸை, டிசம்பர் மாதக் கணக்கு வெட்டி இண்டெக்ஸ் என்றுதான் காட்டும்.